ஷமோனிக்குப் போகும் சின்ன ரயில்

பள்ளிக்கூடத்தில் எங்கள் பூகோள வாத்தியார் கேட்ட ஒரு கேள்விக்கு, இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன். "மோன் பிளான் உயரம் என்ன?" "நாலாயிரத்து எண்ணூற்று ஏழு மீட்டர், முசியே!" புதுச்சேரி வெயிலில் வேர்த்து வழிய, கண்ணால் காணாத பனிமலையின் உயரத்தைப் பிரெஞ்சில் ஒப்பித்த தலைமுறை நாங்கள். பக்கத்திலிருக்கும் செஞ்சி மலையின் உயரத்தை யாரும் சொல்லித்தரவில்லை. அது வேறு கதை.

போன வாரம் பாரீஸ் பக்கம் இருக்கும் என் பேரன் அந்த மலையடிவாரத்திலிருந்து போன் செய்தான். பள்ளி விடுமுறைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தான். "தாத்தா, மேலே போறதுக்கு வரிசையில நின்னே பாதி நாள் போயிடுச்சு" என்று ஒரே புலம்பல். அந்த வரிசை எப்படி உண்டாயிற்று என்பதைத்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊரின் பெயர் ஷமோனி. எழுதும்போது கடைசியில் ஓர் எக்ஸ் வரும், வாயில் வராது. 1741-ல் வின்டம், போகோக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஜெனீவாவிலிருந்து அங்கே போனார்கள். அவர்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் வெளியுலகத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஆசை வந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் பனியாற்றுக்கு 'மேர் த கிளாஸ்', அதாவது பனிக்கடல் என்ற பெயர் வந்ததும் அவர்களால்தான். 1786 ஆகஸ்ட் 8-ம் தேதி பால்மா என்ற உள்ளூர்க்காரரும், பக்கார் என்ற மருத்துவரும் மலையுச்சியை முதன்முதலில் தொட்டார்கள். அந்தச் சீமை 1860-ல்தான் பிரான்சோடு சேர்ந்தது.

ஆனாலும் குளிர்காலத்தில் அங்கே யாரும் போகமாட்டார்கள். மாடு வளர்த்துப் பிழைத்த ஜனங்கள். பனி விழுந்தால் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். இதை மாற்றியவை இரண்டு. ஒன்று ரயில், மற்றொன்று பனிச்சறுக்குக் கட்டை.

ரயில் 1901-ல் வந்தது. அடிவாரத்தில் லெ ஃபயே வரைக்கும் பெரிய ரயில். அங்கிருந்து மேலே சின்ன ரயில். மின்சாரத்தில் ஓடும் மீட்டர்கேஜ் வண்டி. நம் புதுச்சேரி - விழுப்புரம் பாதையும் 1879 முதல் வெகுகாலம் அதே அகலம்தான்! ஆனால் நமது வண்டி சமதரையில் ஓடியது. அந்த வண்டியோ சில இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்கு 9 மீட்டர் ஏறுகிறது, அதுவும் ஊட்டி ரயிலுக்கு இருக்கும் பல்சக்கரம் இல்லாமல்.

கட்டையைப் பழக்கியவர் பாயோ என்ற டாக்டர். பனிக்காலத்தில் தள்ளியிருந்த நோயாளிகளைப் பார்க்க இவர் சறுக்கிக்கொண்டே போவார். முதலில் சிரித்த ஊர், பிறகு தானும் கற்றுக்கொண்டது. 1903-ல் அவரும் நண்பர்களும் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை மலைமேலாகவே சறுக்கிப் போய்ச் சேர்ந்தார்கள்.

1924 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை அங்கே 'பனிக்கால விளையாட்டு வாரம்' நடந்தது. 16 நாடுகள் வந்தன. பிற்பாடுதான் அதற்கு முதல் குளிர்கால ஒலிம்பிக் என்ற பெயரைக் கொடுத்தார்கள். என்னைப் போல ஆபீஸில் பேரேடு எழுதியவர்களுக்குப் பிடிக்கும் ஒரு சங்கதி இதில் உண்டு. பனித்தாவலில் மூன்றாம் இடம் நார்வேயின் ஹாக் என்பவருக்குப் போயிற்று. ஐம்பது வருஷம் கழித்து, 1974-ல், மதிப்பெண்ணைக் கூட்டியதில் பிழை என்று தெரியவந்தது. உண்மையில் மூன்றாமவர் அமெரிக்காவில் குடியேறிய ஹாகன். ஹாக் எப்போதோ காலமாகிவிட்டார். அவருடைய மகள் தன் அப்பாவின் பதக்கத்தை எடுத்து, எண்பத்தைந்து வயதுக் கிழவராகிவிட்ட ஹாகன் கையில் கொடுத்தார். ஒரு கூட்டல் பிழை! சர்வீஸ் முழுக்க எத்தனை கூட்டல் போட்டிருப்போம், நினைத்தால் பயமாக இருக்கிறது.

இப்போது நாம் பார்க்கும் மலைச்சரிவுச் சறுக்கல் அந்த 1924-ல் கிடையாது. அது ஒலிம்பிக்கில் நுழைந்தது 1936-ல். மறு வருஷம் ஷமோனியில் நடந்த உலகப் போட்டியில் எமில் அலே என்ற பிரெஞ்சுக்காரர் மூன்று பிரிவிலும் ஜெயித்தார். சறுக்கி இறங்குவது சுகம். திரும்ப ஏறுவது யார்? அதற்குத்தான் ரோப் கார்கள். 1955-ல் 'எகுய்ய் து மிதி' என்ற ஊசிமலைக்கு ரோப் கார் போட்டார்கள். ஊர் 1,035 மீட்டர், அந்தச் சிகரம் 3,842 மீட்டர். பால்மா காலத்தில் நாள்கணக்கில் ஏறிய உயரத்துக்கு இருபதே நிமிஷம். அங்கிருந்து பனியாற்றின் மேலேயே சுமார் 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்கலாம். 1965-ல் மலையைக் குடைந்து இத்தாலிக்குச் சுரங்கச் சாலையும் திறந்தார்கள்.

வழி சுலபமானதும் கூட்டம் கூடியது. பிரெஞ்சு அரசாங்கம் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, பள்ளிகளுக்கு வெவ்வேறு வாரத்தில் குளிர்கால விடுமுறை விடுகிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் மலையேறினால் தாங்காது! அப்படியும் சனிக்கிழமை ஆனால் சாலையில் கார்கள் நின்றுவிடும்.

அதே மலையில்தான் 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியா விமானம் மோதி, ஹோமி பாபா உட்பட 117 பேரும் இறந்தார்கள். பள்ளியில் மௌனமாக நின்றோம். 2012-ல் அங்கே பனியாறு உருகி, அந்த விமானத்தில் போன இந்திய அரசாங்கத்தின் தபால் பையை வெளியே தள்ளியது. 46 வருஷம் தாமதமான தபால்.

ரிடையர் ஆன பிறகு ஒரு முறை நானும் போனேன். சறுக்கும் வயசில்லை. 1909-ல் முழுதும் திறந்த பல்சக்கர ரயிலில் ஏறிப் பனிக்கடலைப் பார்க்கப் போனேன். 1988-ல் அங்கே ரயிலடியிலிருந்து கீழே போக ஒரு தொங்குபெட்டி வைத்தபோது, இறங்கியதும் சில படிகளில் பனியைத் தொட்டார்களாம். பனி வற்ற வற்றப் படிகளைக் கூட்டிக்கொண்டே போய், பின்னாளில் 500-ஐயும் தாண்டிவிட்டது. வழியில் 'இந்த வருஷம் பனி இங்கே இருந்தது' என்று பலகைகள். 1990 என்ற பலகையருகே நின்று கீழே பார்த்தேன். பனி எங்கோ ஆழத்தில், சாம்பல் நிறத்தில் கிடந்தது. என் பையன் பள்ளிக்கூடம் போன காலத்துப் பனி அது, இப்போது வெறும் காற்று. முழங்கால் வலியோடு பாதியில் திரும்பிவிட்டேன். 2024-ல் பனியைத் தேடி இன்னும் மேலே தள்ளிப் புதிய தொங்குபெட்டி போட்டிருக்கிறார்கள்.

அதனால் பேரனிடம் சொன்னேன்: "புலம்பாதேடா. வரிசையில நிக்கிறதுக்கு இன்னும் பனி இருக்கேன்னு சந்தோஷப்படு. மலையோட உயரம் என்னன்னு தெரியுமா?"

தெரியாதாம். சொல்லிக்கொடுத்தேன்.