அமியேன்: பெயரின் ஒலிக்காத ஈறு

இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு ‘ஏமியன்ஸ் உடன்படிக்கை’ நினைவிருக்கும். ஒல்லாந்தரிடமிருந்து 1796க்குள் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட கரையோரப் பகுதிகள் அவர்களுக்கே என்று 1802 மார்ச்சில் எழுத்தில் உறுதியானது அதில்தான். அந்தப் பெயரிலுள்ள ஊர்தான் என்னைப் பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வண்டிக்குள் அறிவித்த குரலில் ‘ஏமியன்ஸ்’ இல்லை. ‘அமியேன்’ என்று மூக்கொலியில் முடிந்தது. எழுத்தில் ‘ஸ்’ இருக்கிறது, நாவில் இல்லை.

ரோமர் காலத்தில் இவ்வூர் சமரோபிரீவா. ரோமருக்கு முன்பே இங்கு பேசப்பட்ட கோல் மொழியில் ‘பிரீவா’ என்றால் பாலம். சமரா என்பது ஊரினூடே ஓடும் சோம் ஆற்றின் பழைய பெயர். ஆற்றைக் கடக்கும் இடமே ஊராகி, அதுவே பெயருமாயிற்று. கோல் இனத் தலைவர்களின் கூட்டத்தை கி.மு. 54இல் ஜூலியஸ் சீசர் இங்கேதான் கூட்டினார். பிரான்ஸில் வேறு சில ஊர்கள் தங்கள் பாலத்தை விடவில்லை. தென்மேற்கே பிரீவ் என்ற ஊர் அந்தக் கோல் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறது. பாரிஸுக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் ஒருகாலத்தில் பிரீவா இசாரே. ‘வாஸ் ஆற்றுப் பாலம்’ என்ற அதே பொருளை லத்தீன் வழிச் சொல்லால் சொல்லிக்கொண்டது.

அமியேனின் பெயரிலோ பாலம் போய்விட்டது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில், கோல் நாட்டுத் தலைநகர்கள் பல தம் பெயரைத் துறந்து, சுற்றி வாழ்ந்த இனத்தின் பெயரை ஏற்றன. லுத்தேசியா, பரிசி இனத்தால் பாரிஸ் ஆனது. சமரோபிரீவாவைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அம்பியானிகள். லத்தீனில் ‘அம்பியானிஸ்’ என்றால் ‘அம்பியானிகளிடத்தில்’. வேற்றுமை உருபேற்ற அந்த வடிவமே ஊர்ப்பெயராக உறைந்துபோனது. பிறகு ‘ம்ப்’ தேய்ந்து ‘ம்’ ஆனது, ஈற்று ‘ஸ்’ ஒலியிழந்து எழுத்தாக மட்டும் நின்றது. பாரிஸின் ‘ஸ்’ஸும் இதே வகைதான், பிரெஞ்சுக்காரர் ‘பரீ’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியே ‘ஏமியன்ஸ்’ என்று படித்த நாம், தெரியாமலே அந்தப் பழைய உருபுக்கு ஒலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

பேராலயத்தைப் பார்க்காமல் இவ்வூரை விட்டு யாரும் போவதில்லை. 1220இல் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே விதானம் 42 மீட்டர் உயரம். ஆனால் நான் அதிக நேரம் நின்றது வெளியே, தெற்குச் சுவரில் மூட்டையை நடுவே வைத்து நிற்கும் இரு வணிகர் சிலைகளின் கீழ். அவர்கள் விற்றது ‘வேத்’. அவுரியைப் போல நீலச் சாயம் தரும் ஐரோப்பியச் செடி. பாரிஸ் வழக்கில் அது ‘கேத்’. வகரத்தை விடாதது இந்தப் பிக்கார்டி வட்டாரம். அமியேனைச் சுற்றியுள்ள ஊர்களில் வேத் விற்பவர்களின் காணிக்கையால் எழுந்தது அங்குள்ள சிற்றாலயம் என்று கல்லில் அவர்கள் பேச்சிலேயே வெட்டியிருக்கிறார்கள். பின்னாளில் இந்திய அவுரி கப்பலேறி வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது.

மாலையில் சேன் லூ பகுதிக்கு இறங்கினேன். சோம் அங்கே பல கால்களாகப் பிரிந்து வீடுகளுக்கிடையே ஓடுகிறது. சிறு பாலமொன்றில் நின்றபோதுதான் ‘அம்பியானி’ என்ற பெயரின் வேர் பற்றி யோசித்தேன். ‘அம்பே’ என்றால் கோல் மொழியில் ஓடை என்று பழைய சொற்பட்டியல் ஒன்று சொல்கிறது. அதையே வேராகக் கொள்வோர் உண்டு. ‘அம்பி’, அதாவது ‘இருபுறமும்’, என்ற முன்னொட்டைக் காட்டுவோரும் உண்டு. என் மனம் இரண்டாவதன் பக்கம். சோன் ஆற்றின் இரு மருங்கிலும் வாழ்ந்த அம்பாரி என்ற இனத்தின் பெயரும் அப்படி அமைந்ததே. அப்படியானால் அம்பியானிகள் ‘இருகரையார்’. பாலத்தின் பெயரைத் தள்ளிவிட்டு வந்த பெயருக்குள், கடந்துபோக ஒரு பாலம் தேவைப்படும் இரு கரைகளும் அப்படியே இருக்கின்றன.