ஜிப்: ஓர் ஒலி, பெயரான வரலாறு

ஒரு பொருளின் வரலாற்றை இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று, காப்புரிமை ஆவணங்கள். மற்றொன்று, மக்கள் அப்பொருளுக்கு இட்ட பெயர்கள். முன்னது, அதைச் செய்தவர் யார் என்று சொல்லும். பின்னது, பார்த்தவர்கள் அதில் எதைக் கண்டார்கள் என்று சொல்லும். நாள்தோறும் பலமுறை கைபட்டும் கண்படாத ஜிப்பை இவ்விரு வழிகளிலும் அணுகிப் பார்ப்போம்.

முதலில் ஆவணங்கள். தையல் இயந்திரத்திற்கு 1846இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் எலியாஸ் ஹோவ், 1851இல் ஆடையைத் தொடர்ச்சியாக மூடும் ஓர் அமைப்பிற்கும் காப்புரிமை பெற்றார். தையல் இயந்திரம் அவரைச் செல்வராக்கியது. மற்றதை அவர் சந்தைக்குக் கொண்டுவரவே இல்லை. 1893இல் விட்கோம்ப் ஜட்சன் என்பவர் காலணிகளுக்கான புதிய பூட்டமைப்பு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். வரிசையாக அமைந்த கொக்கிகளையும் கண்ணிகளையும் ஒரு நகர்த்தி ஒவ்வொன்றாக மாட்டிச் செல்லும் என்பதே அதன் கருத்து. கருத்து நன்று; ஆனால், அதன்வழி வந்த பொருள் நம்பத்தக்கதாக இல்லை. அணிந்தவர் வளைந்தால் கொக்கிகள் விலகின. 1909இல் காலமான ஜட்சன், தம் எண்ணம் வென்றதைக் காணவில்லை.

அதை வெல்லச் செய்தவர், சுவீடனில் பிறந்து ஜட்சனின் நிறுவனத்தில் 1906இல் சேர்ந்த பொறியாளர் கிடியன் சுண்ட்பேக். அவருடைய முதல் மாற்று வடிவமும் தோற்றது. 1913இல் அவர் கொக்கி என்னும் எண்ணத்தையே கைவிட்டார். கொக்கிகளுக்குப் பதிலாக, ஒரே வடிவம் கொண்ட சிறு பற்கள் இரு நாடாக்களிலும் அமைந்தன. ஒவ்வொரு பல்லின் ஒரு புறம் சிறு மேடு. மறுபுறம் சிறு குழி. ஒரு பல்லின் மேடு, எதிர்வரிசைப் பல்லின் குழியில் சென்று அமரும். நகர்த்தியின் உள்ளே இரு வழிகள் ஒன்றாகக் கூடுகின்றன. மேலே இழுத்தால் அவை பற்களைச் சாய்த்து ஒன்றினுள் ஒன்றாகச் செலுத்தும்; கீழே இழுத்தால் நடுவிலுள்ள ஆப்பு அவற்றைப் பிரிக்கும். அங்குலத்திற்கு 4 ஆக இருந்த இணைப்புகள் 10 ஆயின. சாய்க்காமல் எந்தப் பல்லும் விடுபடாது என்பதால், உடல் வளைந்தாலும் பிடி தளரவில்லை. 1917இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இப்பற்களைச் செய்து நாடாவில் பதிக்கும் இயந்திரத்தையும் சுண்ட்பேக்கே வடிவமைத்தார். அவ்வியந்திரம் இல்லையெனில், ஜிப் ஓர் அரும்பொருளாகவே நின்றிருக்கும்.

ஆயினும் ஆடை உலகம் உடனே கதவு திறக்கவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் மாலுமிகளின் பணப்பை வார்களிலும் விமானிகளின் உடைகளிலும் அது இடம்பெற்றது. 1923இல் குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் மேற்காலணிகளில் அதைப் பொருத்தியபோதுதான் 'ஜிப்பர்' என்னும் பெயர் பிறந்தது. இழுக்கும்போது எழும் ஒலியே பெயராயிற்று. முதலில் அப்பெயர் காலணிக்கு உரியது, பூட்டுக்கு உரியதன்று. நிறுவனம் அதை வணிகக் குறியாகப் பதிவு செய்தது. மக்களோ காலணியை விட்டுவிட்டு, பெயரைப் பூட்டுக்கு மாற்றிக்கொண்டனர். சொல்லின் உரிமை காப்புரிமை அலுவலகத்தில் முடிவாவதில்லை.

இனிப் பெயர்கள். ஆங்கிலம் ஒலியைக் கேட்டது. பிரெஞ்சு, ரஷ்யன், சுவீடிஷ் ஆகிய மொழிகள் விரைவைக் கண்டு 'மின்னல்' என்னும் சொல்லால் பெயரிட்டன. சுண்ட்பேக்கின் தாய்மொழியில் அது 'மின்னல் பூட்டு'. ஸ்பானிஷ் பற்களைக் கண்டு, பற்சட்டத்தைக் குறிக்கும் 'கிரெமல்யேரா' என்றது. ஜப்பானியர் 'சக்கு' என்றனர். 'கின்ச்சக்கு' என்னும் சொல்லிலிருந்து எடுத்த வணிகப் பெயர் அது. கின்ச்சக்கு என்பது நம் சுருக்குப்பையேதான். புதியதை அவர்கள் பழைய பையின் பெயரால் அறிந்துகொண்டனர்.

இந்தியாவில் இது மேலும் சுவையானது. இந்தி வழக்கில் ஜிப்பை 'செயின்' என்பர். சொல் ஆங்கிலம்தான், ஆனால் ஆங்கிலேயர் தம் அன்றாடப் பேச்சில் ஜிப்பை அவ்வாறு அழைப்பதில்லை. கடன் வாங்கிய சொல்லுக்கு இங்கே புதுப்பொருள் தரப்பட்டிருக்கிறது. தமிழ் 'ஜிப்' என்பதையே ஏற்றது. ஆனால் நம் நாவில் அதன் முதல் ஒலி 'ஜ' ஆகிவிட, சீறும் ஓசை மறைந்துவிட்டது. தமிழ்ச்செவிக்கு அது எழுப்பும் ஒலி 'சர்' என்பதுதானே! காக்கையை அதன் குரலாலேயே அழைக்கும் மொழியில், ஒலியால் பிறந்த ஒரு பெயர் ஒலியிழந்து வெறும் இடுகுறியாய் நிற்கிறது.

பயனைப் பற்றியும் ஒரு சொல். பொத்தான் ஒவ்வொன்றாக மூடும். ஜிப் ஓர் இழுப்பில் மூடும். விரல்மூட்டு வலி உடையோர்க்கு அவ்வேறுபாடு பிறர் உதவியின்றி உடுத்துவதற்கும் உதவியை எதிர்பார்த்து நிற்பதற்கும் இடையிலான வேறுபாடாகவும் இருக்கக்கூடும். இழுப்பானில் ஒரு வளையம் கோத்துவிட்டால் இன்னும் எளிது. ஆனால் பலவீனமும் அங்கேதான். ஒரு பொத்தான் அறுந்தாலும் சட்டை சட்டையாகவே இருக்கும். நகர்த்தி தேய்ந்தால் பை முழுதும் வாய் பிளக்கும். அப்போது பலரும் பையையே எறிந்துவிடுகின்றனர். பெரும்பாலும் பழுதடைவது பற்களல்ல. தையற்காரர்கள் 'ரன்னர்' என்றழைக்கும் அந்நகர்த்தியே. உள்வழி அகன்றுவிட்டதால் பற்களை அழுத்த அதனால் இயலவில்லை, அவ்வளவே. குறட்டால் அதன் இரு ஓரங்களையும் மெல்ல நெருக்கினாலோ, சில ரூபாயில் புதிய ரன்னர் மாற்றினாலோ பை மீளும். உலோகப் பற்கள் இறுகினால், மெழுகுவத்தியை அவற்றின்மேல் தேய்த்தால் போதும்.

ஹோவின் காப்புரிமையிலிருந்து சுண்ட்பேக்கின் காப்புரிமை வரை 66 ஆண்டுகள். தோற்றவர்களின் உழைப்பும் சேர்ந்தே நம் பைகளை மூடுகிறது. அதைப் பழுதுபார்க்கும் தெருவோரக் கைகளும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியே. ஆகவே, அடுத்த முறை ஒரு பையை எறியுமுன் அதன் ரன்னரைச் சற்று உற்றுநோக்குங்கள்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர் வழங்கினால், ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். பெயர்களைத் திரட்டுவதும் வரலாறு எழுதுவதே.