வண்டு சொல்லிக்கொடுத்த ரம்பம்

சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், மோட்டார் கொட்டகையில் தொங்கும் பழைய மரம் அறுக்கும் மிஷினைப் பார்த்துட்டு, "இத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க? பழைய இரும்புக்குப் போடலாமே"ன்னார். அவருக்குச் சொன்ன கதைதான் இது.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் எங்க பேராவூரணிப் பக்கத்தையும் புரட்டிப் போட்டது. என் தோப்பில் மட்டும் 43 தென்னை சாய்ந்தது. அப்பா கையால் வெச்ச மரங்கள். நிவாரணம், கணக்கெடுப்புன்னு அலைஞ்சதுல பாதி மரம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதுங்களுக்கு நடுவுலயே புதுக் கன்னு வெச்சேன். அங்கதான் தப்பு பண்ணினேன். காண்டாமிருக வண்டு முட்டை போடுறது மக்குற தென்னந்தண்டுலதான். புழு வளர்ந்து வண்டாகி, பக்கத்துல இருக்குற இளங்கன்னோட குருத்தைக் குடையும். கோடை வந்தப்போ ஆறு கன்னுல குருத்து ஓட்டை. கிடக்குற மரத்தை உடனே அறுத்து வெளியேத்தியாகணும்.

மிஷின்காரர்களுக்கு அப்போ ஏக கிராக்கி. அவங்க கேட்ட கூலி நமக்குக் கட்டுப்படியாகல. பட்டுக்கோட்டையில் ஒரு காயலான் கடையில் இது கிடைச்சுது. 1,500 ரூபாய். பேர் எழுதின தகடு தேய்ஞ்சுபோன வெளிநாட்டு மிஷின். கயிற்றை இழுத்தா சுத்துது, கம்ப்ரஷன் இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகல.

புல்வெட்டும் மிஷின் பார்க்கிற மெக்கானிக் தம்பி கார்புரேட்டரைப் பிரிச்சார். உள்ளே இருந்த டயாப்ரம் காய்ஞ்ச அப்பளம் மாதிரி விறைச்சிருந்தது. "அண்ணே, உயிரே இதுலதான்"ன்னார். பைக்கில் இருக்கிற மிதவை கார்புரேட்டரைக் கவிழ்த்தா பெட்ரோல் ஒழுங்கா போகாது. மரம் அறுக்குறவனோ மிஷினைப் பக்கவாட்டுல, தலைகீழா எல்லாம் பிடிக்கணும். மெல்லிசா அந்த ஒரு சவ்வு இருக்கிறதாலதான் எப்படிச் சாய்ச்சாலும் ஓடுது. டயாப்ரம், பெட்ரோல் டியூப், பிளக் மாத்தினதுல 600 ரூபாய் செலவு.

ஒரு ஆள் தூக்குற இந்த அளவுக்கு மிஷின் வர்றதுக்குள்ள ரொம்ப காலம் ஆச்சு. பல்லு வெச்ச சங்கிலியை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் எலும்பு அறுக்கப் பயன்படுத்தினாங்க. மரத்துக்கு அது வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் கரண்ட்ல ஓடுற ரம்பம் செஞ்சார். 1929-ல் பெட்ரோல் மிஷின். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும், எடை 40 கிலோவுக்கு மேல. 1950-ல்தான் அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் பிடிக்கிற பெட்ரோல் ரம்பம் வந்தது.

எடை குறைஞ்சும் ஒரு தொல்லை தீரல. அப்போதைய சங்கிலிப் பல், கை ரம்பத்துப் பல் மாதிரிதான். மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். அமெரிக்காவில் ஆரிகன் காட்டில் மரம் வெட்டிக்கிட்டிருந்த ஜோ காக்ஸ், 1946-ல் ஒரு அடிமரத்தில் வண்டுப் புழு ஒண்ணு குடையுறதைப் பார்த்தார். இடதும் வலதுமா தாடையை மாத்தி மாத்தி, எந்தத் திசையிலயும் மரத்தைத் தின்னுக்கிட்டே போகுது. அதே வடிவத்துல பல் செஞ்சு 1947-ல் விற்க ஆரம்பிச்சார். என் மிஷின் சங்கிலியிலும் ஒரு பல் இடது, அடுத்தது வலது.

தென்னையோட வெளிப்பக்கம் இரும்பு மாதிரி; அதுல மண்ணும் ஒட்டியிருந்தா கேட்கவே வேணாம். மரத்துக்கு மரம் உட்கார்ந்து உருண்டை அரம் போட்டேன். இந்தக் காலத்து மிஷின்ல இருக்குற செயின் பிரேக் இதுல கிடையாது, நுனி பட்டா மூஞ்சிக்கு எகிறும். அதனால பையன் எவ்வளவு கெஞ்சியும் கையில் கொடுக்கல. பதினோரு நாள் ஆச்சு. துண்டுகள் செங்கல் சூளைக்குப் போச்சு.

ஒரு தண்டைப் பிளந்தப்போ உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. காக்ஸ் பார்த்தது வேற ஜாதி வண்டு. ஆனாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒரு புழுகிட்ட கத்துக்கிட்ட பல்லை வெச்சுத்தான் இன்னொரு புழுவோட வீட்டை அறுக்கிறோம்.

குருத்துல ஓட்டை விழுந்த ஆறு கன்னுல நாலு பிழைச்சிடுச்சு. அதனாலதான் மிஷின் இன்னும் கொட்டகையில் தொங்குது.