கொடும்பாவி இழுத்தல்

கொடும்பாவி இழுத்தல் என்பது மழை பொய்த்த காலத்தில் தமிழக ஊர்களில் மக்கள் கூடிச் செய்த மழைச் சடங்கு. வைக்கோலால் மனித உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, இழவு வீட்டைப் போல ஒப்பாரி வைத்து, இறுதியில் எரித்துவிடுவார்கள். வடிவம் ஊருக்கு ஊர் மாறும்.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கு வேளாண்மை பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அது தவறினால் கண்மாய் நிறையாது. மானாவாரிப் பயிர் கருகிவிடும். 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. இத்தகைய வறண்ட நிலத்து மக்களின் அச்சத்திலிருந்தே மழைச் சடங்குகள் பிறந்தன. எட்கர் தர்ஸ்டன் 1912இல் வெளியிட்ட தென்னிந்திய நம்பிக்கைகள் பற்றிய நூலில் கொடும்பாவிச் சடங்கையும் பதிவு செய்துள்ளார்.

பழி யார் மீது?

ஊரில் யாரோ செய்த பெரும்பாவமே மழையைத் தடுக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. பசித்த ஊரில் இது ஆபத்தான எண்ணம். பழி ஒரு விதவை மீதோ வழிப்போக்கர் மீதோ விழக்கூடும். கொடும்பாவி அந்தப் பழியை வைக்கோல் பொம்மை மீது இறக்கியது. தவளையை முறத்தில் கட்டி ஊர்வலம் விடும் மழைச் சடங்கைப் போல இதில் ஓர் உயிரும் வதைபடவில்லை.

கட்டுப்பாடுகள்

தெரு எல்லோருக்கும் பொது. எனவே சடங்கு தனி ஒருவரின் விருப்பமாக இல்லாமல் ஊர் கூடி எடுத்த முடிவாக அமைந்தது. வீடுதோறும் கஞ்சியோ தானியமோ பெற்றதால் ஒவ்வொரு குடும்பமும் அதில் பங்கேற்றது. உருவத்தைச் சுடுகாட்டிலோ ஊர் எல்லையிலோ எரித்தார்கள். கூரை வீடுகள் நெருங்கிய ஊரில் இதன் பயன் வெளிப்படை. இழவுக்குரிய முழுக்கு, சடங்கு முடிந்தது என்பதை உணர்த்தியது. துக்கமும் ஆவேசமும் அத்துடன் அடங்க வேண்டும்.

குறையும் உண்டு. ஊரின் இழவு வேலைகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரே பொம்மைக்கும் அழ வேண்டியிருந்தது. பழியைப் பொம்மை சுமந்தாலும் இழிவைச் சுமந்தவர்கள் மனிதர்களே.

பிற்காலம்

பாசன வசதி, நிவாரணம், வானிலை அறிவிப்பு ஆகியவை பெருகியதும் சடங்கு அருகியது. பெயர் மட்டும் அரசியலுக்கு வந்தது. இன்று ‘கொடும்பாவி எரிப்பு’ என்றால் தலைவர்களின் உருவபொம்மையைக் கொளுத்தும் போராட்டமே நினைவுக்கு வரும். பெயருடன் பழைய கட்டுப்பாடுகள் வரவில்லை. எல்லையில் எரிந்த உருவம் இப்போது கூட்டம் நெருக்கும் நாற்சந்தியில் எரிகிறது. பெட்ரோல் ஊற்றும் தொண்டரும் அதைப் பிடுங்க முயலும் காவலரும் தீக்காயம் அடைவதுண்டு. பழைய சடங்கில் பெயரில்லாத பாவிக்கு ஊரே அழுதது. இன்று பெயருள்ள ஒருவர் மீது ஒரு சாரார் சினத்தைக் காட்டுகிறார்கள். அழுகையும் முழுக்கும் இல்லாததால், பொம்மை எரிந்த பின்னும் பகை எரிந்துகொண்டிருக்கிறது.