மட்மார்க் ஏரியும் 88 தொழிலாளரும்



கோடை விடுமுறை வந்தால் மலைக்குப் போகும் பழக்கம் இப்போது எங்கள் குடும்பங்களிலும் வந்துவிட்டது. சோற்றுப் பார்சலும் தேநீர்ப் போத்தலும் கையில் இருக்க, பிள்ளைகள் முன்னால் ஓட, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடக்கிறோம். பனிமலையையும் ஏரியையும் பின்னணியில் வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். இப்படி நாம் போய்வரும் இடங்களில் ஒன்றின் கதையை இம்மாத உரையில் சொல்ல விரும்புகிறேன். அது சுவிற்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில் உள்ள மட்மார்க் ஏரியின் கதை.

விஸ்ப் நகரில் ரயிலை விட்டு இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் ஏறினால் சாஸ் பள்ளத்தாக்கின் ஊர்களைக் கடந்து மேலே போகலாம். பள்ளத்தாக்கின் முடிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்தில் இந்த ஏரி கிடக்கிறது. அதைச் சுற்றி நடக்க ஏறத்தாழ 8 கிலோமீற்றர். பாதை அதிக ஏற்ற இறக்கம் இல்லாதது, பிள்ளைகளும் நடக்கலாம். தெற்கே மொன்ரே மோரோ கணவாய், அதற்கு அப்பால் இத்தாலி. மேற்கே 4,027 மீற்றர் உயரமான அலலின்ஹோர்ன் சிகரம். அந்தச் சிகரத்தின் பக்கத்திலிருந்து இறங்குவதுதான் அலலின் பனியாறு.

இந்தப் பனியாற்றைப் பள்ளத்தாக்கின் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். குளிர் மிகுந்த அந்த நூற்றாண்டுகளில் பனியாற்றின் நாக்கு கீழே வளர்ந்து வந்து, பள்ளத்தாக்கைக் குறுக்கே அடைத்து, ஆற்று நீரைத் தேக்கிவிடும். முதலில் மட்மார்க் ஏரியை உண்டாக்கியதே இந்தப் பனியாறுதான். பனித் தடை உடைந்தபோதெல்லாம் கீழே இருந்த வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் போயின. 1633, 1680 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் சாஸ் பள்ளத்தாக்கின் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவிற்சர்லாந்தின் தொழிற்சாலைகள் பெருகின, மின்சாரத் தேவையும் பெருகியது. மலைப் பள்ளத்தாக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்தன. மட்மார்க்கில் 1960இல் வேலை தொடங்கியது. பனியாறுகள் கொண்டுவந்து குவித்த மண்ணையும் கல்லையும் கொண்டே 120 மீற்றர் உயரமும் 780 மீற்றர் நீளமும் உள்ள மண் அணை கட்டப்பட்டது.

கட்டியவர்கள் யார்? சுவிஸ் தொழிலாளரும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானோர் வெளிநாட்டவர், அதிலும் இத்தாலியர். வட இத்தாலியின் பெல்லூனோ மலைக் கிராமங்களிலிருந்தும், தெற்கே கலாபிரியாவிலிருந்தும் வந்தவர்கள். மலையில் வேலை செய்யக்கூடிய மாதங்கள் குறைவு. ஆகவே அந்த மாதங்களில் இரவும் பகலும் முறைவைத்து வேலை நடந்தது. ஒரு நாளில் 15 மணி நேரம் வரை உழைத்தவர்களும் உண்டு.

அவர்களில் பலர் வைத்திருந்தது பருவகால அனுமதி. 1934இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் உருவான அந்த முறையில், ஒருவர் ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மேல் இங்கே தங்க முடியாது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. மறைவாகக் கூட்டிவந்த பிள்ளைகள் பொலிஸுக்குப் பயந்து, சத்தம் போடாமல், பகல் முழுவதும் அறைக்குள் பூட்டிய கதவுக்குப் பின்னால் வளர்ந்தார்கள். இந்த அனுமதி முறை 2002இல்தான் ஒழிந்தது.

1965 ஓகஸ்ட் 30, திங்கட்கிழமை. மாலை ஐந்து மணி கடந்து கால் மணி நேரம் இருக்கும். அலலின் பனியாற்றின் நாக்கு உடைந்து சரிந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் கன மீற்றர் பனியும் கல்லும் சில வினாடிகளுக்குள் கீழே வந்து, தொழிலாளர் குடியிருப்பையும் பட்டறைகளையும் உணவுச்சாலையையும் மூடியது. 88 பேர் இறந்தார்கள். 56 பேர் இத்தாலியர், 23 பேர் சுவிஸ் நாட்டவர், 4 பேர் ஸ்பானியர், 2 பேர் ஜேர்மனியர், 2 பேர் ஒஸ்ரியர். மீதி ஒருவர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத, நாடற்ற ஒருவர். நேயர்களே, அந்தக் கடைசி ஒருவரை நாம் கடந்து போக முடியுமா? நாடற்றவர் என்ற சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியும்.

இறந்த இத்தாலியரில் 17 பேர் பெல்லூனோ மாகாணத்தவர். 88 பேரில் இருவர் பெண்கள். இறுகிய பனிக்குள்ளிருந்து உடல்களை எடுத்து முடிக்கப் பல மாதங்கள் சென்றன. அந்நேரம் பலர் மேலே வேலைத்தளத்தில் இருந்ததால்தான் தப்பினார்கள். எல்லோரும் குடியிருப்பில் கூடியிருக்கும் நேரமாக இருந்திருந்தால் இறந்தோர் தொகை பல நூறாகியிருக்கும்.

பனியாறு ஏன் உடைந்தது? அதன் நாக்கு சரிவான பாறைமேல் கிடந்தது. கோடையின் முடிவில் உருகிய நீர் பனிக்கும் பாறைக்கும் இடையே இறங்கும்போது பிடிமானம் குறைகிறது, பனி வேகமாக வழுக்கத் தொடங்குகிறது. சரிவுக்கு முந்திய வாரங்களில் அந்த நாக்கு வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. முன்பே பனிக்கட்டிகள் விழுந்ததைக் கண்டதாகத் தப்பிய தொழிலாளர் சொன்னார்கள். ஆனால் பனியாற்றின் அசைவை அளந்து எச்சரிக்க அங்கே எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

இயற்கையின் சீற்றம் என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் குடியிருப்பைப் பனியாற்றின் நேர்கீழே அமைத்தது இயற்கை அல்ல. வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போக்குவரத்து நேரம் மிச்சம். கணக்கு எழுதுவது என் தொழில். எந்தச் செலவு எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் விடப்படுகிறது என்று பார்ப்பது என் பழக்கம். மட்மார்க்கின் கணக்கில் மிச்சமான நேரம் வரவாக எழுதப்பட்டது. தலைக்கு மேலே தொங்கிய ஆபத்து எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

வழக்கு 1972 பெப்ரவரியில்தான் விஸ்ப் நகரில் விசாரணைக்கு வந்தது. விபத்து நடந்து ஆறரை ஆண்டுகள். அதற்கு இடையில், 1970 யூனில், வெளிநாட்டவர் தொகையைக் கடுமையாகக் குறைக்கக் கோரிய சுவார்ட்சென்பாக் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்றாலும் 46 வீதத்தினர் அதற்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். அக்காலத்தின் காற்று எப்படி வீசியது என்பதை அந்த எண்ணே சொல்லும்.

வழக்கில் 17 பேர் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். முன்கூட்டியே அறிந்திருக்க முடியாத அனர்த்தம் என்று கூறி நீதிமன்றம் 17 பேரையும் விடுதலை செய்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் மேன்முறையீடு செய்தன. அதே ஆண்டில் அதுவும் தோற்றது. அத்துடன், நீதிமன்றச் செலவில் பாதியை அந்தக் குடும்பங்களே கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

கணவனை இழந்தவளுக்கு, மகனை இழந்த தாய்க்கு, ஒரு சிட்டை. தொகை சிறிதா பெரிதா என்பதல்ல கேள்வி. இழப்பின் கணக்கை யார் பெயரில் எழுதினார்கள் என்பதே கேள்வி. இத்தாலியில் அந்தத் தீர்ப்பு பெரும் கோபத்தைக் கிளப்பியது. அணையின் வேலை 1967இல் முடிந்தது. மின்சாரம் வந்தது. பின்னர் நீண்ட மௌனம். ஐம்பதாவது ஆண்டாகிய 2015இல்தான் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் நூல் இந்த வரலாற்றை விரிவாக வெளிக்கொணர்ந்தது.

அந்த 88 பேரின் சாவினால் எதுவும் மாறவில்லை என்று சொல்லமாட்டேன். பனியாறுகளைக் கண்காணிக்கும் அறிவு அதன்பின் வளர்ந்தது. 2017 செப்ரெம்பரில் அதே பள்ளத்தாக்கில், சாஸ் கிறுண்ட் ஊருக்கு மேலே உள்ள திறிஃப்ற் பனியாறு வேகமாக நகர்வதை ராடார் காட்டியது. ஏறத்தாழ 220 பேர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் அதிகாலை பனி உடைந்து விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. 2025 மே 28இல் அதே மாநிலத்தின் லொட்ஷென்ரால் பள்ளத்தாக்கில் பிளாற்றன் கிராமத்தின் பெரும்பகுதியைப் பனியும் பாறையும் மூடின. ஏறத்தாழ 300 பேரும் நாட்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒருவர் இறந்தார், ஊர் அழிந்தது, ஊரார் பிழைத்தார்கள். முன்கூட்டியே பார்ப்பதற்கு ஆள் வைத்தால் உயிர் மிஞ்சும். மட்மார்க்கில் அப்படிப் பார்ப்பதற்கு யாரும் வைக்கப்படவில்லை.

1980களில் எங்கள் இளைஞர்கள் இந்நாட்டுக்கு வந்து உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்று வேலை பழக்கியவர்களில் இத்தாலியரும் ஸ்பானியரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் அந்த வரிசையில் வந்து நின்றவர்கள் நாங்கள். அனுமதி அட்டையில் இருக்கும் ஓர் எழுத்து, மனைவியும் பிள்ளையும் எங்கே வாழலாம் என்று தீர்மானிப்பதை அவர்களும் கண்டார்கள், நாங்களும் கண்டோம். ஆகவே இது அயலாரின் கதை அல்ல.

இந்தக் கோடையில் மட்மார்க் போனால், அணைக்கட்டின் அருகே உள்ள நினைவுச் சின்னத்துக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அங்கிருந்து மேற்கு மலையைப் பாருங்கள். அலலின் பனியாறு இன்று வெகுதூரம் மேலே பின்வாங்கிவிட்டது, 1965இல் அது தொங்கிய இடத்தில் வெறும் பாறைதான் தெரியும். பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள். சொல்லுங்கள். வீட்டில் நாம் போடும் விளக்கு எரிவதற்காக உழைத்த 88 பேர், பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், இங்கே இறந்தார்கள் என்று சொல்லுங்கள். பிறகு ஏரியைச் சுற்றி நடக்கலாம்.