கீழ்த்தள வீடுகளின் ஈரமும் காற்றோட்டமும் (கொழும்பு)

முழுக்க நிலத்துக்கு அடியில் அமைந்த குடியிருப்பு கொழும்பில் அரிது. இங்கு ஈரத்தால் அவதிப்படுபவை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழ்த்தள அனெக்ஸ்களும் கொட்டாஞ்சேனையின் ஒட்டுச்சுவர் வீடுகளுமே. காற்றோட்டத்தை அரசு கவனிக்க வைத்தது ஈரமன்று, கொள்ளைநோய். 1914இல் பிளேக் நகருக்குள் புகுந்தது; அடுத்த ஆண்டே வந்த வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் கட்டடங்களைச் சுற்றி வெளியிடம் விடுவதைச் சட்டமாக்கியது. அதற்கும் முந்திய கட்டடக்கலை ஈரத்தை வேறு வழியில் சமாளித்தது. கொட்டாஞ்சேனைக்கு அருகே 1749இல் தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயத்தின் தடித்த கபொக் (செம்பூரான்) கற்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சீமெந்துப் பூச்சும் எனாமல் பெயின்ற்றும் அந்த வழியை அடைத்தன. சுவர் உரிவதற்குப் பெயின்ற்றைக் குறைசொல்வது வழக்கம். குற்றவாளி பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் சீமெந்து.

“யன்னலைத் திறந்துவிடுங்கள்” என்ற அறிவுரை குளிர்நாட்டுக் கணக்கு. குளிர்கால இலண்டனில் 5 பாகைக் குளிர்க்காற்றில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம் நீராவிதான் இருக்கும். உள்ளே வந்து சூடேறியதும் அது அறையை உலர்த்துகிறது. கொழும்பில் 27 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள சாதாரண நாளில் அது 20 கிராம். அந்தக் காற்று 23 பாகையளவில் குளிர்ந்தாலே நீராகப் படியும். இங்கு மண் அவ்வளவு குளிர்வதில்லை, ஏசி குளிர்விக்கிறது. மேல்வீட்டில் இரவெல்லாம் ஏசி ஓட, கீழ்வீட்டு அறையின் கூரைத்தளத்தில் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். கடலோர வெள்ளவத்தையில் உப்பும் சேர்கிறது: ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சுவரில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் காற்றோட்டமே வீணா என்று கேட்கலாம். வீணில்லை, வெளிக்காற்றைவிட உள்ளே ஈரம் கூடும் இடத்தில்தான் அதற்கு வேலை. சோறு வடிக்கும் குசினி, சுடுநீர்க் குளியலறை, மழை நாளில் உடுப்புக் காயப்போடும் கொடி ஆகியவற்றின் ஆவி அறைக்குள் பரவுமுன் வெளியேற்று விசிறி அதை இழுத்துவிட வேண்டும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வைத்தாலே பின்பக்கம் காயும். ஏசி ஓடும்போது யன்னலைத் திறப்பதோ எதிர்விளைவு. ஈரமகற்றும் கருவி போதும் என்பாரும் உண்டு. அறையை இறுக மூடினால் அது பலன் தரும், ஆனால் அடித்தளத்திலிருந்து ஏறும் நீரையும் குழாய்க் கசிவையும் நிறுத்தாது, மின்கட்டணம் மட்டும் ஏறும். வீட்டுக்குள் செய்யும் இந்த ஏற்பாடுகளுக்கு அப்பால், இன்று கொழும்புக் கட்டடங்களின் காற்றோட்ட விதிகள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன.