வீட்டு மழைமானியின் துல்லியம்: பிரித்தானியத் தன்னார்வ மழைப்பதிவு வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானியாவில் மழையளவுப் பதிவு பெரிதும் தனியார் இல்லங்களில் வளர்ந்தது. அப்பதிவுகளின் நம்பகத்தன்மை கருவியின் செம்மையையும், அது நிறுவப்பட்ட இடத்தையும், பதிவாளர் பின்பற்றிய விதிகளையும் சார்ந்திருந்தது. இவற்றுள் கருவிப்பிழையும் அமைவிடப்பிழையும் வெவ்வேறானவை என்னும் தெளிவு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய மழைத்தரவுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர்க்கும் இன்றைய இல்ல வானிலை நிலையங்களைப் பயன்படுத்துவோர்க்கும் இத்தெளிவு இன்றியமையாதது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மழைமானி, அளவுத்திருத்தம், அமைவிடப்பிழை, சைமன்ஸ், தன்னார்வப் பதிவு.

1. முன்னுரை

மழைமானி தோற்றத்தில் மிக எளிய கருவியாகும். வாய் அகன்ற ஒரு புனல், நீரைத் தாங்கும் ஒரு கலம், நீரை அளக்க ஒரு குடுவை ஆகியவையே அதன் உறுப்புகள். திறந்த வெளியில் நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தை வைத்து, அதில் தேங்கிய நீரின் ஆழத்தைக் கண்டாலே மழையளவு கிடைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் ஒரே வளாகத்தில் வைக்கப்பட்ட இரு மழைமானிகள் ஒரே அளவைக் காட்டாமை 18-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்ள ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றில் அரசு நிறுவனங்களைவிட மதகுருமார், மருத்துவர், நிலவுடைமையாளர் போன்றோரின் வீட்டுத் தோட்டங்களே முதன்மை இடம் பெறுகின்றன.

2. தொடக்ககால இல்லப் பதிவுகள்

இங்கிலாந்தில் தொடர்ச்சியான மழையளவுப் பதிவை 1677-இல் தொடங்கியவர் ரிச்சர்ட் டவுன்லி. லங்காஷயரில் பர்ன்லி நகரை அடுத்த தம் மாளிகையின் கூரைமீது 12 அங்குல விட்டமுள்ள புனலைப் பொருத்தி, அதனின்று ஈயக்குழாய் வழியாக நீரை வீட்டினுள் கொணர்ந்து அவர் அளந்தார். மழையில் நனையாமல் அளக்க இவ்வேற்பாடு உதவியது. இக்காலத்திற்குச் சற்று முன்னரே, நீர் நிறைந்ததும் தானே கவிழ்ந்து கொட்டும் கலத்தைக் கொண்ட மழைமானியைக் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்திருந்தார். இன்று இல்லங்களில் பரவலாக உள்ள சாய்கலன் மழைமானிக்கு அதுவே முன்னோடியாகும்.

டவுன்லியின் புனல் கூரைமீது இருந்தமை இங்குக் கருதத்தக்கது. கட்டடங்களும் மரங்களும் மழையை மறைக்காத உயரமான இடமே அளவீட்டிற்கு ஏற்றது என்னும் எண்ணம் இயல்பாகத் தோன்றக்கூடியது. பிற்காலத்திலும் கூரைமீது மழைமானி நிறுவும் வழக்கம் நீடித்தது. இவ்வழக்கத்தின் குறையை முதலில் எண்களால் வெளிக்கொணர்ந்தவர் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன்.

3. ஹெபர்டனின் சோதனையும் அதன் விளக்கமும்

ஹெபர்டன் 1766 ஜூலை முதல் ஓராண்டு காலம் லண்டனில் மூன்று மழைமானிகளில் அளவெடுத்தார். ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கூரைமீதும், மற்றொன்று அருகிலிருந்த ஒரு வீட்டின் கூரைமீதும், மூன்றாவது தோட்டத் தரையிலும் வைக்கப்பட்டன. ஆண்டு முடிவில் தரையில் 22.608 அங்குலமும், வீட்டுக் கூரையில் 18.139 அங்குலமும், அபேயின் கூரையில் 12.099 அங்குலமும் பதிவாகியிருந்தன. உயர்ந்த இடத்திலிருந்த மழைமானி, தரையில் இருந்ததன் அளவில் பாதியைச் சற்றே மிஞ்சிய அளவையே காட்டியது. இம்முடிவு 1769-இல் வெளிவந்தது.

எண்கள் தெளிவாக இருந்தபோதிலும் அவற்றின் பொருள் தெளிவாகவில்லை. மின்னாற்றலின் அறியப்படாத ஒரு பண்பு காரணமாகலாம் என ஹெபர்டன் ஐயுற்றார். குளிர்ந்த மழைத்துளி கீழிறங்கும்போது வழியிலுள்ள ஈரத்தைத் தன்மீது படியச்செய்து பெருக்கிறது என்பது பெஞ்சமின் ஃபிராங்ளினின் கருத்து. இவ்விளக்கங்கள் யாவும் ஒரு பொது எடுகோளைக் கொண்டிருந்தன: மழைமானி காட்டும் அளவு, அவ்வுயரத்தில் உண்மையாகப் பெய்த மழையின் அளவே என்பது அது. கருவி தன் இருப்பினாலேயே அளவை மாற்றக்கூடும் என்னும் ஐயம் அவற்றில் இடம்பெறவில்லை.

அந்த ஐயத்தைத் திட்டவட்டமாக முன்வைத்தவர், பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்ற வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். 1861-இல் வெளியான தம் கட்டுரையில், மழைமானியும் அதைத் தாங்கும் கட்டடமும் காற்றோட்டத்திற்குத் தடையாகின்றன என்றார். தடையின்மேல் ஏறிச் செல்லும் காற்று விரைவு பெற்று, புனலுக்குள் விழவேண்டிய துளிகளை அப்பால் கொண்டுசெல்கிறது. உயரம் மிகுந்தால் காற்றின் வேகமும் மிகும்; ஆதலின் இழப்பும் மிகும். ஆகவே மழை குறையவில்லை, மழைமானி பற்றும் அளவே குறைகிறது என்பது அவர் முடிவு. அமைவிடப்பிழை என்னும் கருத்து இவ்வாறு தனக்குரிய அடிப்படையைப் பெற்றது.

4. சைமன்ஸ்: விதியும் சரிபார்ப்பும்

ஜெவன்ஸின் விளக்கத்தைக் களத்தில் சோதிக்கும் வாய்ப்பு, ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் (1838–1900) உருவாக்கிய பதிவாளர் வலைப்பின்னலால் அமைந்தது. அவர் தொகுத்த 1860-ஆம் ஆண்டுக்கான முதல் அறிக்கையில் 168 நிலையங்களின் தரவுகள் இடம்பெற்றன. அவர் மறைந்தபோது நிலையங்களின் எண்ணிக்கை 3000-ஐக் கடந்திருந்தது. இப்பதிவாளர்களில் மிகப் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

பலர் பலவகைக் கருவிகளைக் கொண்டு எடுத்த அளவுகளை ஒருங்கே வைத்து ஒப்பிட வேண்டுமாயின், அவற்றிடையே பொதுத்தன்மை தேவை. இதன்பொருட்டு இருவகைப் பணிகள் நடைபெற்றன. முதலாவது, ஒப்பீட்டுச் சோதனை. வில்ட்ஷயரின் கால்ன் என்னும் ஊரில் மைக்கேல் ஃபோஸ்டர் வார்டு தம் இல்லத்தில் 1863 முதல் வெவ்வேறு விட்டமும் வெவ்வேறு உயரமும் கொண்ட மழைமானிகளை அருகருகே நிறுவி அளந்தார். பின்னர் ஹாம்ப்ஷயரில் மதகுரு சார்லஸ் கிரிஃபித் இத்தகைய சோதனைகளைத் தொடர்ந்தார். மிகச் சிறியவற்றை நீக்கினால், புனலின் விட்டம் முடிவைப் பெரிதும் பாதிப்பதில்லை என்பதும் உயரமே பாதிக்கிறது என்பதும் இவற்றால் உறுதியாயின. 5 அங்குல விட்டமுள்ள புனலின் விளிம்பு தரையிலிருந்து 1 அடி உயரத்தில் இருக்கவேண்டும் என்னும் நியமம் இவ்வடிப்படையில் நிலைபெற்றது. அந்த ஓரடி உயரம் ஓர் இணக்க முடிவாகும். அதனினும் தாழ்த்தினால் தரையில் மோதித் தெறிக்கும் நீர் புனலுக்குள் புகும். உயர்த்தினால் காற்றினால் இழப்பு கூடும்.

இரண்டாவது பணி, கருவிகளைச் சரிபார்த்தல். சைமன்ஸ் நேரில் சென்று மழைமானிகளை ஆய்ந்தார். புனலின் விட்டம் பல திசைகளில் அளக்கப்பட்டுச் சராசரி காணப்பட்டது. அளவுக்குடுவையின் வெவ்வேறு குறிகளில் பிழை கணக்கிடப்பட்டது. விளிம்பின் உயரமும் சுற்றியுள்ள தடைகளும் குறிக்கப்பட்டன. இச்சரிபார்ப்பின் தேவையை எளிய கணக்கால் உணரலாம். 5 அங்குலம் எனக் கருதப்படும் புனலின் விட்டம் உண்மையில் 5.1 அங்குலமாயின், பரப்பு 4 விழுக்காடு மிகுகிறது. அவ்விகிதத்தில் மழையளவும் மிகையாகும். 8 அங்குலப் புனலுக்கு உரிய குடுவையை 5 அங்குலப் புனலுடன் பயன்படுத்தினால், உண்மை அளவில் ஐந்தில் இரண்டு பங்கே பதிவாகும். இத்தகைய பிழைகள் மாறாத விகிதம் உடையவை. ஆதலின் கண்டறியப்பட்டால் பழைய பதிவுகளையும் திருத்தலாம்.

பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட இந்நியமம் அந்நாட்டோடு நிற்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் நிலையங்களிலும் 127 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குல, விட்டமுள்ள சைமன்ஸ் மழைமானியே நெடுங்காலம் பயன்பட்டது. தமிழக மழைப்பதிவுகளைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வுக்கும் இக்கருவியின் வரலாறு தொடர்புடையதாவது இதனாலேயே.

5. இன்றைய இல்ல வானிலை நிலையங்கள்

இன்றைய இல்ல வானிலை நிலையங்களில் பெரும்பாலும் சாய்கலன் மழைமானியே உள்ளது. குறிப்பிட்ட அளவு நீர் சேர்ந்ததும் கலன் சாய்கிறது. ஒவ்வொரு சாய்வும் மின்னணு முறையில் எண்ணப்படுகிறது. புனலின் பரப்பு 200 சதுர செ.மீ., ஒரு சாய்வின் மதிப்பு 0.2 மி.மீ. எனக் கொண்டால், ஒவ்வொரு சாய்வுக்கும் 4 மில்லிலிட்டர் நீர் தேவை. ஒரு லிட்டர் நீரை மெதுவாகச் சொட்டவிட்டால் 250 சாய்வுகள் பதிவாக வேண்டும். 240 சாய்வுகளே பதிவாயின் கருவி 4 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது என்பது பொருள். கலனுக்குக் கீழுள்ள திருகுகளைக் கொண்டு இதைத் திருத்தலாம்.

நீரைச் சொட்டவிடும் வேகமும் இச்சோதனையில் முதன்மையானது. மணிக்கு 100 மி.மீ. வீதம் பெய்யும் கனமழையில் 7.2 வினாடிக்கு ஒருமுறை கலன் சாயும். சாயும் பொழுதில் கால் வினாடி நீர் கணக்கில் சேராது போனாலும் இழப்பு 3 விழுக்காட்டைக் கடக்கும். எனவே மெல்லிய சொட்டில் சரியாகக் காட்டும் கருவி கனமழையில் குறைத்துக் காட்டக்கூடும்.

இவ்விரண்டும் கருவிப்பிழைகள். அமைவிடப்பிழை இவற்றினும் பெரிதாக இருக்கக்கூடும். காற்றினால் மழைநீர் பதிவில் ஏற்படும் இழப்பு 2 முதல் 10 விழுக்காடு எனவும், பனிப்பொழிவில் 10 முதல் 50 விழுக்காடு எனவும் உலக வானிலை அமைப்பின் வழிகாட்டி நூல் மதிப்பிடுகிறது. கூரைக் கம்பத்தில் பொருத்திய மழைமானி, தரையிலுள்ள நியம மழைமானியைவிடக் குறைவாகக் காட்டுமாயின், திருகைத் திருப்பி இரண்டையும் ஒத்துவரச் செய்வது பிழையைத் திருத்துவதாகாது. காற்றிழப்பு ஒவ்வொரு மழைக்கும் மாறுபடுவதால், காற்றற்ற நாளில் அதே கருவி மிகுதியாகக் காட்டும். ஆய்வுமேசையில் கருவிப்பிழையை நீக்கியபின், அமைவிடத்தைத் தனியே செம்மைப்படுத்துவதே முறையாகும். ஜெவன்ஸ் உணர்த்திய வேறுபாடு இன்றைய மின்னணுக் கருவிக்கும் அப்படியே பொருந்துகிறது.

6. தரவின் நம்பகத்தன்மை

இவ்வேறுபாட்டை மறந்தால் வரலாற்று முடிவுகளும் பிழைபடும். 1766-இல் தொடங்கும் இங்கிலாந்து–வேல்ஸ் மழைப்பொழிவுத் தொடர், குளிர்காலங்கள் நீண்டகால நோக்கில் ஈரம் மிகுந்து வந்ததாகக் காட்டுகிறது. தொடக்ககால மழைமானிகள் பனிப்பொழிவை முழுமையாகப் பற்றாமையால் அக்காலக் குளிர்கால அளவுகள் குறைவாகப் பதிவாகியுள்ளன என்பதை அண்மைக்கால ஆய்வு எடுத்துக்காட்டியுள்ளது. பருவநிலை மாற்றமாகத் தோன்றிய போக்கில் ஒரு பகுதி கருவியின் வரலாறாக இருக்கலாம் என்பது இதனால் புலப்படுகிறது.

சைமன்ஸின் வலைப்பின்னல் 1919-இல் அரசு வானிலை அலுவலகத்தின் பொறுப்பில் வந்தது. அப்பணியின் வழிவந்த 65,000-க்கும் மேற்பட்ட பதிவுத்தாள்களை, 2020-இல் பெருந்தொற்று முடக்கக் காலத்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முன்னெடுத்த திட்டத்தின்வழி சுமார் 16,000 தன்னார்வலர்கள் எண்ம வடிவிற்கு மாற்றினர். 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட அளவீடுகள் இவ்வாறு மீட்கப்பட்டன. இத்தாள்கள் பலவற்றில் புனலின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் மழையளவோடு சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தமையே அவற்றுக்குச் சான்றுமதிப்பை அளிக்கிறது.

7. முடிவுரை

வீட்டு மழைமானியின் துல்லியம் கருவியின் விலையாலோ புதுமையாலோ அமைவதன்று என்பதைப் பிரித்தானிய அனுபவம் காட்டுகிறது. புனலின் விட்டம், குடுவையின் குறி, கலன் சாயும் அளவு ஆகியவற்றின் பிழைகள் சோதித்துத் திருத்தத்தக்கவை. உயரமும் காற்றும் விளைக்கும் பிழையோ ஒற்றை எண்ணால் திருத்தமுடியாதது. அமைவிடத்தைச் செம்மைப்படுத்தியே அதைக் குறைக்க இயலும். ஆகவே மழையளவைப் பதியும் ஒவ்வொரு இல்லமும், அளவோடு கருவியின் வகை, விளிம்பின் உயரம், அருகிலுள்ள தடைகள், அளவுத்திருத்தம் செய்த நாள் ஆகியவற்றையும் பதிந்து வைத்தல் வேண்டும். இக்குறிப்புகள் இருப்பின் பிழையுள்ள பதிவும் பிற்கால ஆய்வாளர்க்குப் பயன்படும். இல்லாதவிடத்துச் செம்மையான கருவியின் பதிவும் ஐயத்திற்குரியதாகிவிடும்.